என் கணவரின் கையும் அவர்கள் கேபிளும்

கிரேன் பயிற்சி மையத்தின் முதல்வர் என் கணவரின் கையைப் பற்றிப் பொய் சொன்னார். தெரியாமல் சொல்லிவிட்டார் என்று யாராவது அவருக்காகப் பரிந்து பேசலாம். தெரிந்த பிறகும் அவர் அதைத் திருத்தவில்லை. மையத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவருக்குத் தெரியும், அவரிடம் படித்தவர்களுக்கும் தெரியும்.

நான் முத்தையாபுரத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்து பிழைக்கிறவள். கேமராவும் பிடிப்பேன். என் கணவர் துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டிக்கொண்டிருந்தார். பெட்டியை மேலிருந்து கவ்வித் தூக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிற பெரிய வண்டி அது. அவர் அடுக்கிய வரிசையைத் தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும், ஓரம் பிசகாது. அவருக்கு இருந்த ஒரே ஆசை, கப்பல் ஓரம் நிற்கிற கிரேனின் உச்சியில் அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து பெட்டி இறக்க வேண்டும் என்பது. அதற்குப் பயிற்சி வேண்டும், தேர்ச்சி வேண்டும். யார்டு மேனேஜரே அவர் பெயரைப் பரிந்துரைத்து மையத்துக்கு அனுப்பினார்.

அங்கே நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் கேபிளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படித்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது, தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.

எனக்கே இது பட்டுத்தான் தெரிந்தது. ஸ்லோ மோஷன் வேலை கூடியபோது பெரிய மானிட்டர் ஒன்று வாங்கினேன். 4கே தெளிவு, நொடிக்கு நூற்று நாற்பத்து நான்கு தடவை படத்தை மாற்றும். வீட்டில் கிடந்த பழைய கேபிளைச் சொருகினேன். படம் தெளிவாக வந்தது. ஆனால் மவுஸை நகர்த்தினால் அம்பு விட்டு விட்டுத் தாவியது. மானிட்டரின் பொத்தானை அழுத்திப் பார்த்தால் முப்பது என்று காட்டியது. நூற்று நாற்பத்து நான்குக்குக் காசு கொடுத்துவிட்டு முப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரிய கடைத்தெருவில் எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். நல்ல மனிதர். கேபிளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாது என்ற சொல் அவர் வாயில் வராது. தடிமனான கேபிள் ஒன்றை எடுத்துப் போட்டு, "இங்கன பாரும்மா, எட்டு கே-ன்னு போட்டிருக்கு, தங்க முலாம் வேற. இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார். வீட்டில் மாட்டினேன். நூற்று நாற்பத்து நான்கு வந்தது. கொஞ்ச நேரத்தில் திரை கறுத்தது. ஒரு நொடி, இரண்டு நொடி, மறுபடி வந்தது. மணமகள் தலை குனிகிற இடத்தில் கறுப்பு. தாலி முடிச்சு விழுகிற இடத்தில் கறுப்பு.

என் கணவருக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. நான் கடைக்குப் போன நேரத்தில் கேபிளின் முனையைக் கழற்றி, யார்டிலிருந்து கொண்டுவந்த கிரீஸைத் தடவி வைத்துவிட்டார். கடலோரம் இருக்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. கேட் தாழ்ப்பாளா, பேட்டரி முனையா, சைக்கிள் செயினா, இரும்பு என்று கண்ணில் பட்டால் தடவிவிடுவார்கள். திரும்பி வந்து பார்த்தால் திரையில் ஒன்றுமே இல்லை.

"உப்புக்காத்து ளா. இனி பத்து வருசத்துக்குத் துருப் பிடிக்காது," என்றார் பெருமையாக.

"பத்து வருசத்துக்குப் படமும் வராது," என்றேன்.

ஸ்பிரிட் போட்டுத் துடைத்து எடுத்தேன். கோபத்தில்தான் உட்கார்ந்து படித்தேன். படிக்கப் படிக்க இன்னும் கோபம் வந்தது, ஏனென்றால் இதில் ரகசியம் எதுவும் இல்லை. கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும். 4கே படம் ஒன்றில் கிட்டத்தட்ட எண்பத்து மூன்று லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் நிறத்துக்கும் இருபத்து நான்கு பிட். நொடிக்கு அறுபது படம் என்றால் ஏறக்குறைய பன்னிரண்டு ஜிகாபிட் அந்தக் கம்பி வழியாக ஓட வேண்டும். நூற்று நாற்பத்து நான்கு என்றால் கிட்டத்தட்ட இருபத்தொன்பது. அது போக, படத்தை அனுப்புவதற்கான கூடுதல் தகவல் என்று கொஞ்சம் சேரும். பழைய வகை ஹெச்.டி.எம்.ஐ. கேபிள் பத்துவரைக்கும் தாங்கும். அடுத்த வகை பதினெட்டு. மேல் வகை நாற்பத்தெட்டு. அந்த மேல் வகைக்குச் சோதித்துச் சான்று கொடுத்த ஒட்டுத்தாள் உறையில் இருக்கும், போனில் ஸ்கேன் செய்து பார்க்கலாம். கேபிளின் மேல் எட்டு கே என்று அச்சடிக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அச்சு மை இருந்தால் போதும்.

இன்னொன்று, நீளம். இவ்வளவு வேகத்தைச் செப்புக் கம்பி மூன்று மீட்டர், மிஞ்சிப்போனால் ஐந்து மீட்டர்தான் நம்பிக்கையாகக் கொண்டுபோகும். அதற்கு மேல் போக வேண்டுமானால் உள்ளே கண்ணாடி இழை ஓடுகிற வேறு வகைக் கேபிள் வேண்டும். அது மெலிசாக இருக்கும். அதனாலேயே எங்கள் ஊரில் அதை யாரும் மதிக்க மாட்டார்கள்.

சான்று ஒட்டிய இரண்டு மீட்டர் கேபிள் ஒன்றை வரவழைத்தேன். மாட்டினேன். அதற்குப் பிறகு இன்றுவரை என் திரை கறுத்ததில்லை. அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். "அப்படியாம்மா," என்று கேட்டுக்கொண்டு அதே தடித்த கேபிளை அடுத்த ஆளுக்கு எடுத்துக் கொடுத்தார்.

இந்தக் கூத்து நடந்து சில மாதம் கழித்துத்தான் மையத்தில் புது சிமுலேட்டர் திறந்தார்கள். திறப்பு விழாவை வீடியோ எடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். கிரேன் அறை மாதிரியே ஒரு நாற்காலி, இரண்டு கைக்கும் லீவர், முன்னால் ஒரு திரை, பக்கங்களில் இரண்டு, காலுக்குக் கீழே ஒன்று. கீழே இருப்பதுதான் முக்கியம். நிஜ கிரேனில் கண்ணாடித் தரை வழியாகக் குனிந்து பார்த்துத்தான் பெட்டியை இறக்குவார்கள். எல்லாமே என் மானிட்டர் வகைதான், இன்னும் பெரிசு. நல்ல பொருள். குறை சொல்ல முடியாது.

ஆனால் கம்ப்யூட்டர் அந்த ஹாலில் இல்லை. உப்பளக் காற்று நேராக அடிக்கிற இடம் என்பதால் உள்ளே ஏசி அறையில் வைத்திருந்தார்கள். அதுவரை சரி, புத்திசாலித்தனம்தான். கேபிள்தான் சுவர் ஏறி, கூரைக்குள் போய், மறுபக்கம் இறங்கி வந்தது. ஒரு கேபிள் எட்டாததால் நடுவில் இன்னொன்றை இணைத்திருந்தார்கள். அப்படி இணைத்ததில் மிச்சம் வந்ததை வளையம் வளையமாகச் சுற்றி, அழகாக முடிச்சுப் போட்டு, ஆணியில் தொங்கவிட்டிருந்தார்கள். கடை அண்ணாச்சியின் அதே தடித்த கேபிள்.

முதல்வர் கப்பலில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரையும் கூட்டிப்போய் அந்தச் சுருளைக் காட்டினார். நான் கேட்டேன், சார், இந்த வேகத்துக்கு இவ்வளவு நீளம் தாங்குமா என்று. சுற்றி நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் கப்பல்ல கயிறு புடிச்ச கைம்மா. தடிமனா இருக்கணும், எப்பவும் மிச்சம் இருக்கணும், பத்தலைன்னா இன்னொண்ண இணைக்கணும். நீங்க பயப்படாம ரிப்பன் வெட்டுறத எடுங்க."

கயிறு இழுப்பதற்கு. இது படம் கொண்டுவருவதற்கு. கயிற்றில் எது பலமோ அது எல்லாமே கேபிளில் கேடு. நீளம் கேடு, இணைப்பு கேடு, தடிமன் ஒன்றுக்கும் அடையாளம் இல்லை. இதை அன்றைக்கு விளக்கியிருப்பேன். ரிப்பனை வெட்டப் போய்விட்டார்கள்.

என் கணவர் பயிற்சியில் சேர்ந்தார். முதல் சில நாட்கள் வீட்டுக்கு வந்து கையை இப்படி அப்படி ஆட்டிக் காட்டுவார், லீவரை எப்படிப் பிடிப்பது என்று. கன்டெய்னரைக் கவ்வுகிற இரும்புச் சட்டம் கயிற்றில்தான் தொங்கும், காற்றுக்கு ஆடும். அது ஒரு பக்கம் ஆடப்போகிற நேரத்தில் கிரேனையும் அதே பக்கம் சற்றுத் தள்ளினால் ஆட்டம் நின்றுவிடும். அந்தக் கணத்தைக் கண் பிடிக்க வேண்டும், கை செய்ய வேண்டும். வித்தை மொத்தமும் அவ்வளவுதான்.

அப்புறம் பேச்சு குறைந்தது. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"ஏளா, பெட்டிய எறக்குத நேரம் பாத்து கீழத் திரை கருத்துப் போவுது. கண்ண மூடித் தொறந்த மாதிரி. திரும்பி வாரப்ப சட்டம் வேற எடத்துல நிக்குது."

"சார்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன். உனக்குக் கண்ணு சிமிட்டுத பழக்கம் இருக்குன்னு சொல்லுதாவ."

கேபிளாக இருக்கும், அவரிடம் சொல்லுங்கள் என்றேன். சொன்னாராம். பதிலுக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யூகித்துக்கொள்ளலாம். ஆனால் வேறு ஆட்களும் குறை சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் சில நாளில் திரை கறுப்பது நின்றுவிட்டது. அதற்குப் பதிலாக வேறு கோளாறு. சட்டம் ஆடவில்லையாம், தாவுகிறதாம். இங்கே இருக்கிறது, அடுத்து அங்கே இருக்கிறது, நடுவில் வந்த வழி தெரியவில்லை. என் பழைய மவுஸ் அம்பு எனக்கு உடனே ஞாபகம் வந்தது. யாரோ கறுப்பை நிறுத்துவதற்காகத் திரையை முப்பதுக்கு இறக்கி வைத்திருக்கிறார்கள். கேபிளால் முடிந்தது அவ்வளவுதான்.

தேர்வு அந்தத் திரையில்தான் நடந்தது. பெட்டி இரண்டு இடத்தில் இடித்தது. கண்ணுக்கும் கைக்கும் ஒத்திசைவு போதாது, கிரேன் இயக்கத் தகுதியில்லை என்று முதல்வர் கையெழுத்துப் போட்டார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. தாளின் ஒரு பிரதி யார்டுக்குப் போனது. மேனேஜர் கெட்டவர் இல்லை, பயந்தவர். கை சரியில்லை என்று மையமே எழுதிக் கொடுத்த ஆளை வண்டியில் ஏற்றி, நாளைக்கு ஒரு பெட்டி யார் தலையிலாவது விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். ரீச் ஸ்டாக்கர் சாவியை வாங்கிக்கொண்டு, கேட்டில் நின்று, லாரியில் வரும் பெட்டிகளின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலையைக் கொடுத்தார். கிரேன் கிடைக்கவில்லை என்பது ஒரு வருத்தம். கையில் இருந்த வண்டியும் போனது. கூட வேலை பார்க்கிறவர்களுக்கு வாய் சும்மா இருக்குமா. டீக்கடையில் ஒருத்தன், "ஏலே, அண்ணனுக்கு அரை கிளாஸ் ஊத்து, முழுசா ஊத்துனா சிந்திரும்," என்றானாம். அதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அதற்குப் பிறகு சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரை எடுத்தால் கையைப் பார்த்தபடியே வாய்க்குக் கொண்டுபோக ஆரம்பித்தார். என்னால் தாங்க முடியாமல் போனது அதுதான். யார்டில் எவ்வளவோ பேர் முன்னால் சந்தேகமே இல்லாமல் வேலை செய்த கை. அதை அவரே சந்தேகப்படும்படி செய்துவிட்டார்கள்.

மையத்துக்குப் போனேன். போக வேண்டாம் என்று அவர் தடுத்தார். "நீ சும்மா இரி ளா, பொண்டாட்டிய அனுப்பி அழுதான்னு சொல்லுவானுவ," என்றார். நான் அழப் போகவில்லை. இரண்டு மீட்டர் கேபிளைப் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

முதல்வர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். மரியாதையில் குறை இல்லை. காது மட்டும்தான் இல்லை. நான் புள்ளிக் கணக்கைச் சொன்னேன், இவ்வளவு தூரத்துக்குக் கண்ணாடி இழைக் கேபிள்தான் வேண்டும் என்றேன். கேபிளில் எட்டு கே என்று போட்டிருக்கிறது என்றார். அதை அச்சடித்தவனைக் கேளுங்கள் என்றேன். பக்கத்தில் இருந்த டெக்னீஷியனிடம் மானிட்டர் பொத்தானை அழுத்திக் காட்டச் சொன்னேன். அவர் முதல்வர் முகத்தைப் பார்த்துவிட்டு அழுத்தினார். முப்பது. நான்கு திரையிலும் முப்பது.

முதல்வர் அதைப் பார்த்தார். தலையைச் சாய்த்துக்கொண்டு, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

"இங்க பாரும்மா. மனுசக் கண்ணுக்கு நொடிக்கு இருபத்தி நாலு படம் போதும். சினிமாவே அதுலதான் ஓடுது. முப்பதுங்கறது அதவிட அதிகம்."

"சினிமா பாக்குறவன் கையில லீவர் இல்ல சார்," என்றேன்.

டெக்னீஷியன் குனிந்துகொண்டார். முதல்வருக்கு முகம் மாறியது. கல்யாண வீடியோவுக்கும் கனரக இயந்திரத்துக்கும் வித்தியாசம் உண்டு என்றார். உண்டு சார், என் வேலையில் படம் கறுத்தால் மாப்பிள்ளை வீட்டுக்காரன் என்னைத்தான் திட்டுவான், மாப்பிள்ளையை இல்லை என்றேன். ஒரே ஒரு காரியம் கேட்டேன். கம்ப்யூட்டரை ஹாலுக்குக் கொண்டுவந்து, கீழே இருக்கிற திரைக்கு மட்டும் என் கேபிளைப் போட்டு, என் கணவரை ஒரு பத்து நிமிடம் உட்கார வையுங்கள். அப்போதும் இடித்தால் நான் வாயை மூடிக்கொண்டு போகிறேன். என் கணவரின் கை தங்கக் கை என்று நான் சொல்லவில்லை. சரியான திரையில் அவர் தோற்கக்கூடும். தோற்றால் அது அவர் தோல்வி, அதோடு வாழ்ந்துவிடலாம்.

விதிமுறையில் இடமில்லை என்றார். எந்த விதி என்று சொல்லவில்லை. டீ ஆறிப்போயிருந்தது, குடிக்காமல் வந்தேன்.

அடுத்து நடந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. சில வாரம் கழித்துப் பராமரிப்பு என்று போர்டு மாட்டி மையத்தை மூடினார்கள். நான் மெமரி கார்டு வாங்கப் போனபோது அண்ணாச்சி சிரிப்பை அடக்க முடியாமல் இருந்தார். முதல்வரே நேரில் வந்து, உள்ளே கண்ணாடி இழை ஓடுகிற மெலிசான வகைதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிப்போனாராம். நான் கணக்குச் சொன்ன அதே வகை, அதே வேகம். அந்தக் கேபிளுக்கு ஒரு முனை கம்ப்யூட்டருக்கு, மறுமுனை திரைக்கு என்று உண்டு, முனையிலேயே எழுதியிருக்கும். அவர் அதையும் படிக்கவில்லை.

"தலகீழா மாட்டிட்டு, படமே வரல, டூப்ளிகேட்ட குடுத்திட்டேருன்னு எங்கிட்ட வந்து சண்ட போட்டாரும்மா. நானே போயி திருப்பி மாட்டிட்டு வந்தேன். இப்ப வழுக்கிக்கிட்டு ஓடுது பாத்துக்கோ."

அண்ணாச்சியே படித்துவிட்டார். கப்பல் அதிகாரிக்கு முடியவில்லை.

இப்போது திரை வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. புதிதாகச் சேர்ந்தவர்களில் ஒருவர் எங்கள் தெருக்காரர். கறுப்பும் இல்லை, தாவலும் இல்லை, சட்டம் ஆடுவது நிஜம்போல் தெரிகிறது என்கிறார். அந்த அணியில் எல்லாரும் தேறிவிட்டார்கள். நல்லது. அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆனால் என் கணவரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. அந்தத் தாளை யாரும் திரும்ப வாங்கவில்லை. கோளாறு கேபிளில் இல்லை என்றால் கேபிளை ஏன் மாற்றினார்கள்? கேபிளில்தான் என்றால், அந்தக் கேபிளில் எழுதிய தீர்ப்பு ஏன் இன்னும் யார்டு மேஜையில் கிடக்கிறது? கூரைக்குள் இருந்த தடித்த கேபிளைச் சத்தமில்லாமல் உருவி எறிந்துவிட்டார்கள். அவர் இன்றைக்கும் கேட்டில் வெயிலில் நின்று சீல் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

போன வாரம் மையத்திலிருந்து போன் வந்தது. தேறியவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கிற விழாவாம், வீடியோ எடுக்க வர முடியுமா என்று கேட்டார்கள். வெட்கம் என்று ஒன்று இருந்தால் அந்த எண்ணை அழுத்தியிருப்பார்களா தெரியவில்லை. வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

முதல்வர் அவர்களே, அந்த விழாவுக்கு யார்டு மேனேஜர்கள் எல்லாரும் வருகிறார்கள், என் கணவரின் சாவியை வாங்கிக்கொண்டவரும் வருகிறார். எனக்குத் தனியாகப் போன் செய்து சமாதானம் சொல்ல வேண்டாம். அலுவலகத்துக்குக் கூப்பிட்டு டீ கொடுக்க வேண்டாம். அவர்கள் எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும்போது மைக்கின் முன்னால் நின்று சொல்லுங்கள். முப்பதில் ஓடிய திரையை வைத்து எத்தனை பேரைத் தகுதியில்லை என்று எழுதினீர்கள்? அவர்களை எந்தத் தேதியில் திரும்பச் சோதிக்கப்போகிறீர்கள்?